சுவரில் மாட்டிய மருந்தாளுநர்

மருந்தைக் கையில் எடுப்பவன் மனித குலத்தின் உயிரையே கையில் எடுக்கிறான். நோய்க்கும் மனிதனுக்கும் நடுவே உறங்காமல் நிற்கும் காவலன் அவன். அவன் கண் அயர்ந்தால் உலகமே படுக்கையில் விழும்.

இந்த வாசகம் கடைத்தெரு மருந்துக்கடையில், கல்லாவுக்குப் பின்னால், பொன்னிற எழுத்தில் கண்ணாடி போட்டு மாட்டப்பட்டிருந்தது. அதற்கு மேலே காவலனுடைய பட்டச் சான்றிதழ், அதுவும் கண்ணாடி போட்டு. காவலன் மட்டும் அங்கே இல்லை. அவர் இரண்டு தெரு தள்ளி ஜன்னல் திரைச்சீலை விற்றுக்கொண்டிருந்தார்.

இதை ஒரு திருட்டுத்தனம் என்று தெருவில் யாரும் நினைத்ததில்லை. மருந்துக்கடை நடத்தப் படித்த ஆள் ஒருவர் வேண்டும் என்கிறது சட்டம். முதலாளி அதை, படித்த ஆளின் காகிதம் வேண்டும் என்று புரிந்துகொண்டார். அவ்வளவுதான். படித்த ஆள் மாதம் ஒருமுறை வந்து, பதிவேட்டில் முப்பது நாளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுவார். தன் காகிதம் சுவரில் தொங்கியதற்கான வாடகையையும், தன் சர்க்கரை மாத்திரை அட்டைகளையும் வாங்கிக்கொண்டு போவார். சோதனைக்கு ஆள் வருகிற நாள் எப்படியோ முன்னாடியே தெரிந்துவிடும். அன்றைக்கு மட்டும் கதவுக்குப் பின்னால் தொங்கும் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கல்லா அருகே நிற்பார். அந்தக் கோட்டின் மார்புப் பையில் அவர் பெயரையும் பட்டத்தையும் முதலாளியின் மனைவி சிவப்பு நூலால் தைத்துக் கொடுத்திருந்தார். தூரத்திலிருந்தே படிக்கலாம். தெருவில் அவருக்குச் சர்டிபிகேட் சார் என்று பெயர். கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்ப்பார்.

உண்மையில் கடையில் நின்றது கண்டக்டர் மகள்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் சும்மா இருக்க வேண்டாமே என்று வந்தவள். காலையில் ஷட்டரைத் தூக்கி, உலர்ந்த துணியால் தட்டுகளைத் துடைத்து, கத்தரிக்கோலை அதன் ஆணியில் மாட்டுவாள். அதோடு கூட்டம் தொடங்கிவிடும். சீட்டு கொண்டுவருகிறவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர் தீர்ந்துபோன அட்டையின் ஓரத்தை நீட்டுவார்கள், அல்லது வாயால் வரைந்து காட்டுவார்கள்.

"மஞ்சளா இருக்கும்மா. வட்டமா. நடுவுல ஒரு கோடு."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"சாப்பாடே இறங்கலைங்கறேன், முன்னாடி என்ன பின்னாடி என்ன?"

அவள் கை திரும்பிப் பார்க்காமலே பின்னால் போகும். இரண்டாவது தட்டு, இடமிருந்து நான்காவது பெட்டி. எடுத்து, வெட்டி, உறையில் போட்டுக் கொடுப்பதற்குள் அடுத்தவர் இருமத் தொடங்கியிருப்பார். "டாக்டர் எழுதி முடிக்கறதுக்குள்ள இந்தப் பொண்ணு எடுத்துக் குடுத்துடும்" என்று சொல்வார்கள். முதலாளி இன்னும் ஒரு படி மேலே போய், "இது பாதி டாக்டர்" என்பார். சம்பளத்தை உயர்த்த வேண்டிய மாதங்களில் "முக்கால் டாக்டர்" என்றும் சொல்லியிருக்கிறார்.

அவளும் அதை நம்பினாள். மருந்தெல்லாம் தெரியும், காகிதம் ஒன்றுதான் குறை. அதையும் வாங்கிவிட்டால் தன்னுடையதையே சுவரில் மாட்டிக்கொண்டு தானே கீழே நிற்கலாம் என்று கணக்குப் போட்டாள். மருந்தாளுநர் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கத் தொடங்கிவிட்டார்கள் என்று தெரிந்த அன்று மாலை, வீட்டில் செருப்பைக் கழற்றும்போதே விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"நான் பார்மசிக்கு அப்ளை பண்ணப் போறேன்."

தையல் மெஷின் நின்றது.

இரண்டு அறை வீடு அது. முன்னறையில் பாதி இடத்தைத் திரைச்சீலைத் துணி பிடித்துக்கொண்டிருக்கும். அவள் அம்மா சர்டிபிகேட் சார் கடைக்குத்தான் ஓரம் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மகளுக்கு மருந்துக்கடையில் வேலை கிடைத்ததும் அந்தப் பழக்கத்தில்தான். எனவே அந்தப் படிப்பின் வேலைவாய்ப்பு பற்றி அம்மாவிடம் நேரடி ஆதாரம் இருந்தது. மடிமேலேயே கிடந்தது.

"இதோ பாரு," என்று துணியைத் தூக்கிக் காட்டினார். "அவரு நாலு வருஷம் படிச்சாரு. பட்டம் வாங்கினாரு. இன்னிக்கு என்கிட்ட வந்து, 'அக்கா, இந்த மடிப்புல ஒரு விரல் கூட விடுங்க'ன்னு கேக்கறாரு. ஒரு விரல் அளக்கறதுக்கா அந்தப் படிப்பு?"

"அவரு வேலைக்கே போகலம்மா. போகாம இருக்கறதுக்குத்தான் காசு வாங்கறாரு."

"போகாததுக்கே காசு குடுக்கறாங்கன்னா, போனா எவ்ளோ கேவலமா குடுப்பாங்கன்னு யோசி."

கண்டக்டர் அப்போதுதான் பணி முடிந்து வந்து, டிக்கெட் பையையும் விசிலையும் ஆணியில் மாட்டிவிட்டுக் கால் கழுவிக்கொண்டிருந்தார். நாள் முழுக்கக் கத்தி, வீட்டுக்கு வரும்போது அவருக்குக் குரல் பாதிதான் மிச்சமிருக்கும். அதிலும் பாதியைச் செலவு செய்தார்.

"போடணுமா வேணாமா, ஒண்ணைச் சொல்லுங்க. படியில நிக்காதீங்க."

"இது நீங்க முடிவு பண்ற விஷயமில்ல," என்றார் அம்மா. "அண்ணனைக் கூப்பிடறேன்."

அண்ணன் என்றால் பெண்ணுக்கு மாமா. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சேர்ந்து, வேலைவாய்ப்பு அலுவலகத்திலேயே ஓய்வு பெற்றவர். அவருடைய பணிக்காலம் முழுக்க ஊர் இளைஞர்கள் வரிசையில் நின்று பெயரைப் பதிந்து, புதுப்பித்து, மறுபடி புதுப்பித்து, நரைத்துப் போனார்கள். அந்த அலுவலகம் வேலை வாங்கிக் கொடுத்த ஒரே ஆள் தன் மச்சான்தான் என்று கண்டக்டர் பேருந்தில் சொல்லிச் சிரிப்பார். ஆனால் வீட்டில் மாமாவின் சொல்லுக்கு ஒரு கனம் இருந்தது. அவர் எதையும் உடனே சொல்லமாட்டார். முதலில் கண்ணாடியைத் துடைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை வந்து, துணிக்குவியலை ஒதுக்கி உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. தேநீரும் பன்னும் வந்தன.

"முதல்ல ஒண்ணு. உணர்ச்சிவசப்படக் கூடாது. புள்ளிவிவரம்தான் பேசணும்."

"பேசட்டும் மச்சான்," என்றார் கண்டக்டர்.

"ஊருக்குள்ள மருந்துக்கடை எத்தனை இருக்கு? தெருவுக்கு ரெண்டு. அதுல படிச்ச ஆள் நிக்கற கடை எத்தனை? ஒண்ணுமில்ல. இதுலேர்ந்து என்ன தெரியுது?"

"படிச்ச ஆள் தேவைன்னு தெரியுது," என்றாள் பெண்.

"தப்பு. படிச்ச ஆள் இல்லாமலே நடக்குதுன்னு தெரியுது. இதான் புள்ளிவிவரத்தைப் படிக்கற முறை. அடுத்தது கம்பெனி. மருந்துக் கம்பெனியில சேர்ந்தா பையைத் தூக்கிட்டு டாக்டர் வாசல்ல நிக்கணும். நோயாளிக்காவது டோக்கன் உண்டு, உனக்கு அதுவும் கிடையாது. அடுத்தது ஆஸ்பத்திரி. ஒரு ஜன்னல். அந்த ஜன்னல்ல ஏற்கெனவே ஒருத்தர் உக்காந்திருப்பாரு. அவரு எந்திரிக்கறதுக்குள்ள உனக்கு வயசாயிடும். அந்தத் துறை நிரம்பிடுச்சும்மா."

"வேற எது நிரம்பல மாமா?"

மாமா பன்னைத் தேநீரில் முக்கி யோசித்தார். கம்ப்யூட்டர் நிரம்பிவிட்டது. வங்கி நிரம்பிவிட்டது. ஆசிரியர் வேலை எப்போதோ வழிந்து ஓடிவிட்டது. செவிலியர் படிப்பில் கொஞ்சம் இடமிருந்தது, அதுவும் போன வருடத்தோடு சரி.

"எல்லாமே எங்க பஸ்ஸு மாதிரிதான் இருக்கு," என்றார் கண்டக்டர். "ஆனா மச்சான், நிரம்பின பஸ்ஸுலயும் ஒவ்வொரு ஸ்டாப்புலயும் ஆள் ஏறிட்டுத்தான் இருக்கு."

"மாப்ளை, கேள்வி சின்னது. பின்னணி பெருசு. நான் ஆராய்ஞ்சு சொல்றேன்."

"கடைசித் தேதி இந்த மாசத்தோட முடியுது மாமா."

"அவசரப்பட்டு எடுக்கற முடிவு எதுவும் நிக்காது," என்று மாமா எழுந்தார். குடையை மறந்துவிட்டுப் போய், நனைந்துகொண்டே திரும்பி வந்து எடுத்துப் போனார்.

அந்த மழையில்தான் மருந்துக்கடைச் சுவர் ஊறியது. சான்றிதழின் கண்ணாடிக்குள் ஆவி படிந்து, சர்டிபிகேட் சாரின் புகைப்படம் இரண்டு நாள் வியர்த்தது. சோதனை வரும் காலம் என்பதால் முதலாளி அவசரமாக வண்ணம் அடிக்க ஏற்பாடு செய்தார். பெட்டிகளையெல்லாம் இறக்கி, அடித்து முடித்து, மறுபடி ஏற்றி வைக்கும் பொறுப்பையும் பெயின்டரிடமே விட்டார். ஆள் கூலி மிச்சம்.

பெயின்டர் ரசனை உள்ளவர். காலையில் அவள் ஷட்டரைத் தூக்கியபோது கடை வானவில் மாதிரி இருந்தது. நீலப் பெட்டியெல்லாம் ஒரு பக்கம், சிவப்பெல்லாம் ஒரு பக்கம், பச்சை மேலே, மஞ்சள் கீழே.

"எப்படி இருக்கு?" என்றார் பெயின்டர், தூரிகையைக் கழுவிக்கொண்டே. "முன்னாடி கண்றாவியா கலந்து கெடந்துச்சு. நான்தான் ஒழுங்கா அடுக்கினேன்."

முதல் ஆள் வந்து மாத்திரையின் பெயரைச் சொன்னார். அவள் கை பின்னால் போனது. இரண்டாவது தட்டு, இடமிருந்து நான்காவது. தொட்டது குழந்தைகளுக்குப் போடும் பவுடர். கை அந்தரத்தில் நின்றது. பெயர் காதில் விழுந்தது, வாயும் அதைத் திருப்பிச் சொன்னது. ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தமான பொருள் எது, எதற்காக, எந்த நோய்க்கு என்று யோசித்தபோது உள்ளே வெறும் தட்டுதான் தெரிந்தது. தட்டில் ஒரு காலி இடம்.

மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். கூட்டம் நின்றுகொண்டே இருந்தது, அவள் அடுக்கிக்கொண்டே இருந்தாள். வெள்ளையில் பச்சைக் கோடு போட்ட பெட்டிகள் இரண்டு மட்டும் இடம் மாறி உட்கார்ந்தன. அது அவளுக்குத் தெரியாது.

மறுநாள் சர்டிபிகேட் சார் மாதக் கையெழுத்துக்கு வந்தார். தோளில் அளவு நாடா. சுவரில் தன் படம் உலர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"சார், ஒண்ணு கேக்கணும். நான் பார்மசிக்குப் போடலாம்னு இருக்கேன். வேலை கிடைக்குமா?"

"தாராளமா போடும்மா," என்றார் கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "நல்ல படிப்பு. தொந்தரவில்லாத படிப்பு. ஒரு தடவை படிச்சுட்டா அது பாட்டுக்கு ஒரு சுவத்துல உக்காந்து சம்பாதிக்கும். நீ பாட்டுக்கு உன் வேலையைப் பாக்கலாம். என் மாத்திரையைக் குடு, ஜன்னல் அளக்கப் போகணும்."

அவள் கை பின்னால் போனது. வெள்ளையில் பச்சைக் கோடு. அவர் பார்க்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் மறுபடி வந்தார். முகம் வாடியிருந்தது.

"சுகர் ஏறிடுச்சு போல. எப்பப் பாரு பாத்ரூம்தான். ஒரு வீட்ல ஜன்னல் அளக்கப் போனா, மூணு ஜன்னல் அளக்கறதுக்குள்ள அவங்க பாத்ரூமை ரெண்டு தடவை கேக்க வேண்டியிருக்கு. அவங்க என்ன நினைப்பாங்க?"

"டாக்டர்கிட்ட காட்டுங்க சார்."

"நான் படிச்சதே இதைத்தான்ம்மா. சுகர் ஏறினா இப்படித்தான் ஆகும். ரெண்டு வேளையா போட்டுக்கறேன். இன்னும் ரெண்டு அட்டை குடு."

கொடுத்தாள்.

அவர் விழுந்த செய்தி கண்டக்டர் வீட்டுக்குத்தான் முதலில் வந்தது. விழுந்த இடத்தில் மாட்டிக்கொண்டிருந்த திரைச்சீலை அம்மா தைத்தது. ஸ்டூலின் மேல் நின்று கம்பியைப் பொருத்தும்போது கண் இருட்டி, சீலையைப் பிடித்துக்கொண்டே சாய்ந்திருக்கிறார். கம்பியும் கூடவே வந்துவிட்டது. "தையல் பிரியல," என்று அம்மா முதலில் சொன்னார். பிறகுதான், "அய்யோ பாவம்," என்றார்.

அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். பெண் போனபோது சர்டிபிகேட் சாரின் சட்டையிலிருந்து எடுத்த அட்டையை யாரோ மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு அனுப்பியிருந்தார்கள். ஜன்னலுக்குள் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு. மேசையில் பாதி கடித்த பிஸ்கட். கம்பிக்கு வெளியே நீளமாக வரிசை. ஒவ்வொரு அட்டையையும் எடுத்து, பெயரைப் படித்து, சீட்டைப் படித்து, மறுபடி அட்டையைப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். வரிசை திட்டிக்கொண்டே நின்றது.

"இந்தாளுக்கு யாரு?" என்று அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"நான்... தெரிஞ்சவங்க."

"இது சர்க்கரை மாத்திரை இல்ல. உடம்புல இருக்கற தண்ணியை இறக்கற மாத்திரை. ஒழுங்கா ரெண்டு வேளை முழுங்கியிருக்காரு. சர்க்கரைக்கு ஒண்ணுமே முழுங்கல. எந்தப் புண்ணியவான் குடுத்தது?"

அவள் ஒரு கணம் பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான் குடுத்தேன்."

ஜன்னல்கார அம்மாள் அவளை மேலிருந்து கீழே பார்த்தார். "படிச்சிருக்கியா?"

"இல்ல."

"வாங்கினவரு?"

"அவரு படிச்சிருக்காரு. பார்மசி."

அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொள்ள பிஸ்கட்டைக் கடித்தார். "நல்ல ஜோடி. இப்போ பரவாயில்ல, தண்ணி ஏத்தியிருக்காங்க. நகரு, வரிசை நிக்குது."

அவள் நகரவில்லை.

"இந்த வேலையில சம்பளம் எப்படிங்க?"

"என்ன?"

"நான் இதுக்குப் படிக்கலாம்னு இருக்கேன். வேலை கிடைக்காதுன்னு வீட்ல சொல்றாங்க."

"சரியாத்தான் சொல்றாங்க. படிச்சு முடிச்சு ரொம்ப நாள் அலைஞ்சேன். இப்பவும் ஒப்பந்த வேலைதான். சம்பளம் சொன்னா இங்கேயே விழுந்துடுவே, உனக்கும் ஒரு கட்டில் தேடணும்."

"அப்புறம் ஏன் உக்காந்திருக்கீங்க?"

அம்மாள் அடுத்த சீட்டை வாங்கிப் படித்தார். அட்டையை எடுத்துப் படித்தார். கத்தரியால் வெட்டினார்.

"நான் எந்திரிச்சா இந்த ஜன்னல்ல யாரு வந்து உக்காருவா? உன்னை மாதிரி ஒருத்திதான்," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு, "அடுத்து!" என்று வரிசையைக் கூப்பிட்டார்.

சர்டிபிகேட் சார் கட்டிலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே."

"சார், தப்பு என்னோடது. நான் பாக்காம எடுத்துக் குடுத்துட்டேன்."

"நானும் பாக்காமத்தானே முழுங்கினேன்? உன் தப்பு சின்னது. நீ படிக்காதவ. என்னோடது வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க. பார்மசிஸ்ட் தன் மாத்திரையைத் தானே படிக்கலைன்னா வாடகை குடுப்பாங்களா? கண்ணாடி வீட்ல மறந்துட்டேன்னு வெச்சுக்கோ."

"நீங்க கண்ணாடியே போடறதில்லையே சார்."

"அதான் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதே."

முதலாளியும் அதையேதான் சொன்னார். திட்டவில்லை. அவள் திட்டை எதிர்பார்த்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தாள். முதலாளி அவளுக்கு ஒரு குளிர்பானம் வாங்கிக் கொடுத்து, "மனசுல வெச்சுக்காதே, பாதி டாக்டருக்கு இதெல்லாம் சகஜம்," என்றார். அந்தக் குளிர்பானம் அவளுக்கு இறங்கவில்லை. விழுந்தவர் மன்னித்துவிட்டார், முதலாளி மன்னித்துவிட்டார், பெயின்டருக்கு விஷயமே தெரியாது. ஊரில் ஒருவருக்கும் எந்த நஷ்டமும் இல்லாமல் ஒரு மனிதர் ஸ்டூலிலிருந்து விழுந்திருந்தார்.

இடம் மாறி உட்கார்ந்திருந்த இரண்டு பெட்டிகளையும் அவள் சரியான இடத்தில் மாற்றி வைத்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு அட்டையையும் திருப்பிப் பெயரைப் படித்தாள். எழுத்துக் கூட்டி, சீட்டோடு ஒத்துப் பார்த்தாள். கூட்டம் கடைப்படி தாண்டித் தெருவில் இறங்கியது.

"என்னம்மா, இன்னிக்குப் பரீட்சையா?"

"முன்னெல்லாம் எவ்ளோ வேகம்! கல்யாணம் கில்யாணம் நிச்சயமாயிடுச்சா?"

முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏன்ம்மா, இப்படிப் படிச்சுட்டு இருந்தா வியாபாரம் எப்படி நடக்கும்?"

"படிச்சாலும் பேர்தான் தெரியுது முதலாளி. அது உள்ள போய் என்ன பண்ணும்னு தெரியல."

"அது டாக்டருக்கே தெரியாது. நீ வெட்டிக் குடு."

கடைசித் தேதிக்கு முந்தைய நாள் மாமா ஆராய்ச்சியை முடித்துக்கொண்டு வந்தார். அவர் வருவதற்குச் சற்று முன்புதான் வீட்டில் அவள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அம்மா முதலில் ஜன்னலைச் சாத்தினார்.

"வெளிய யாருக்கும் தெரியாதுல்ல?"

"தெரியாதும்மா. தெரியவே தெரியாது. நாளைக்கு வேற யாருக்காவது மாத்திக் குடுத்தாலும் தெரியாது. அவரு பாத்ரூமுக்கு ஓடினதோட போச்சு. இன்னொருத்தர் ஓடக்கூட முடியாம கிடந்தா?"

"அதுக்குத்தான் சொல்றேன், அந்த வேலையே வேணாம். என்கூட உக்காந்து தை. மடிப்புல தப்பு வந்தா பிரிச்சுத் தைக்கலாம்."

"அப்போ அந்தக் கடையில வேற ஒருத்தி நிப்பா. அவ கையும் பின்னாடிதான் போகும். நீ அங்கதானேம்மா ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்கறே?"

அம்மா ஊசியில் நூல் கோக்க முயன்றார். கோக்க வரவில்லை.

கண்டக்டர் சட்டைப் பித்தானைக் கழற்றியபடி சொன்னார்: "எங்க டிப்போவுல டிரைவர் லைசென்ஸைச் சுவத்துல மாட்டிட்டு, வண்டியை வேற யாரோ ஓட்டினா, நான் அந்த பஸ்ஸுல விசில் அடிப்பேனா? உன்னை ஏறச் சொல்வேனா?"

"சம்பளம்?" என்றார் அம்மா.

"கம்மிதான்," என்றாள் பெண். "நான் கேட்டுட்டேன். வேலையும் லேசுல கிடைக்காது. அதையும் கேட்டுட்டேன். தெரிஞ்சேதான் போறேன். காலையில காலேஜ், சாயங்காலம் கடை. மீதிக்குக் கடன் குடுப்பாங்களாம். நான் அடைச்சுக்கறேன்."

அந்த நேரத்தில்தான் மாமா உள்ளே வந்து, உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்தார். இந்த முறை நீண்ட நேரம் துடைத்தார்.

"எல்லாக் கோணத்துலயும் ஆராய்ஞ்சுட்டேன். நான் முன்னாடி சொன்னதைக் கொஞ்சம் மாத்திக்க வேண்டியிருக்கு. போடு."

எல்லோரும் நிமிர்ந்தார்கள். மாமா அந்த மரியாதையைச் சற்று நேரம் அனுபவித்தார்.

"வேலையை எதிர்பார்த்துப் போடாதே. வேலை இல்ல, நிரம்பிடுச்சு. ஆனா சர்டிபிகேட்டுக்கு டிமாண்ட் இருக்கு. அதை நான் கவனிக்காம விட்டுட்டேன். ஊருக்குள்ள எத்தனை கடை, அத்தனைக்கும் ஒரு காகிதம் வேணும். என் வீட்டு மாடிப்படிக்குக் கீழ இடம் சும்மாதான் கிடக்கு. நீ முடிச்சதும் அங்க ஒரு கடை போடறேன். உன் சர்டிபிகேட்டை மாட்டிடலாம். நீ உங்க அம்மாகூட உக்காந்து நிம்மதியா தைக்கலாம். ரெண்டு வருமானம்!"

அம்மாவே கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டார்.

"மாமா," என்றாள் பெண், "என் சர்டிபிகேட் எந்தச் சுவத்துல தொங்குதோ, அந்தச் சுவத்துக்குக் கீழ நான் நிப்பேன்."

"அது நடைமுறைக்கு ஒத்து வராதும்மா. யாருமே அப்படிச் செய்யறதில்ல. புள்ளிவிவரத்தைப் பாரு..."

"பாத்துட்டேன் மாமா. நீங்க சொன்னதுதான். படிச்ச ஆள் நிக்கற கடை ஒண்ணுகூட இல்ல. அப்போ முதல் கடைக்கு இடம் இருக்குல்ல?"

இப்படியொரு பதில் மாமாவின் அலுவலகத்தில் எந்த வரிசையிலிருந்தும் வந்ததில்லை. முன்னால் வைத்திருந்த தேநீரை எடுத்து ஊதினார். அது ஏற்கெனவே ஆறியிருந்தது.

கண்டக்டர் ஆணியில் தொங்கிய விசிலை எடுத்து, வீடு என்பதையும் மறந்து, இரண்டு முறை ஊதினார். "ரைட்! ஏறு உள்ள!"

"காது!" என்றார் அம்மா. பிறகு மகளைப் பார்த்து, "போட்டோ வேணும்ல? நல்லதா எடு. அந்த வெள்ளைக் கோட்டை மாட்டிக்கிட்டு எடு. பாக்கறவங்களுக்கு ஒரு மரியாதை வரும்."

"அது என்னோடது இல்லம்மா."

"எல்லாத்துக்கும் ஒரு வியாக்கியானம். இருக்கற சுடிதார்ல எதுல மருந்துக் கறை இல்ல, சொல்லு? போட்டோவுல கழுத்து வரைக்கும்தானே தெரியும்?"

அதுவும் சரியாகத்தான் பட்டது. மறுநாள் காலை கடைக் கதவுக்குப் பின்னாலிருந்து கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, பக்கத்து ஸ்டுடியோவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தோள் இரண்டு விரல் பெரிதாக இருந்தது. "சிரிக்கணுமா வேணாமா?" என்று கேட்டாள். "படிப்புக்குன்னா வேணாம்," என்றார் ஸ்டுடியோக்காரர். நேராகப் பார்த்தாள்.

கம்ப்யூட்டர் சென்டரில் கூட்டம் நெரிந்தது. அவளைப் போலவே கடைசி நாளுக்கு வந்தவர்கள். தட்டச்சு செய்கிறவர் கட்டங்களை வேகமாக நிரப்பினார். பெயர், பிறந்த தேதி, மதிப்பெண். ஒவ்வொன்றையும் அவள் விரலை வைத்துப் படித்து, சரிபார்த்து, அடுத்ததற்குப் போகச் சொன்னாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அனுப்பிடவா? அனுப்பினா திருத்த முடியாது."

"படிச்சுட்டேன். அனுப்புங்க."

அனுப்பினார். அச்செடுத்த தாளைக் கையில் கொடுத்தார். வாசலுக்கு வந்து வெயிலில் பிடித்து அவள் மறுபடி ஒருமுறை மேலிருந்து கீழே படித்தாள். எழுத்தில் ஒரு பிழையும் இல்லை. ஸ்டுடியோக்காரர் தாராளமானவர், படத்தை மார்பு வரை விட்டிருந்தார். கோட்டின் பையில் சர்டிபிகேட் சாரின் பெயரும் பட்டமும் தெளிவாகத் தெரிந்தன.